ஆண்கள் பார்க்காத தண்ணீர்

ரம்பித் தீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. வருஷம் முழுக்க ஓடும். பனாபாத் தீவில் பிறந்து வளர்ந்து, பிற்பாடு ஊரோடு இங்கே குடியேறிய எனக்கு, கேட்பாரில்லாமல் ஓடிக் கடலில் போய் விழும் தண்ணீரைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அந்த ஓடையிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவன் என் அண்ணன் பௌரோ. சாகும்வரை அவன்தான் சுமந்தான். அவன் போன பிறகு அவனுடைய பையன்கள் சுமந்தார்கள். அண்ணி தெரேங்கா ஒரு நாள்கூட வாளியைத் தொட்டதில்லை.

எங்கள் ஜனங்களில் தண்ணீர் எடுப்பது பெண்களின் வேலை. அதனால் அண்ணனுக்குக் கேலி பஞ்சமில்லாமல் கிடைத்தது. ஊர்க்கூடத்தைத் தாண்டி வாளியோடு போனால், "பௌரோ, அடுத்த புள்ளைய நீயே பெத்துக் குடுத்துரு" என்று எவனாவது கத்துவான். அண்ணன் சிரித்துக்கொண்டே போவான். வாளியிலிருந்து ஒரு சொட்டு சிந்தாது.

போன மாதம் அண்ணியை அடக்கம் செய்தோம். பாய் விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில், இங்கேயே பிறந்த ஒரு பெண், "அவங்களுக்கென்ன, மகாராணி மாதிரி வாழ்ந்தாங்க, புருஷன் தண்ணி மொண்டு ஊத்தினான்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். கோலா மீன் பிடிக்கப் படகில் ஏறியவள், கூரை ஓலையைத் தானே மாற்றியவள், விறகு பிளந்தவள் அண்ணி. அவளா மகாராணி? அவள் ஏன் வாளியைத் தொடவில்லை என்று தெரிந்தவர்களில் இனி நான் ஒருவன்தான் மிச்சம். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

பனாபாவில் ஓடையும் கிடையாது, கிணறும் கிடையாது. மழை பெய்தால் உண்டு. பெய்யாவிட்டால் பாறைக்குள் இருக்கும் குகைகள்தான் கதி. தவழ்ந்து, குனிந்து, படுத்து நகர்ந்து இருட்டுக்குள் போனால் அடியில் தண்ணீர் நிற்கும். ஓலைப் பந்தமும் தேங்காய்க் குடுக்கைகளுமாகப் பெண்கள் இறங்குவார்கள். ஆண்கள் இறங்கக் கூடாது. வாயில் அருகே நின்று எட்டிப் பார்ப்பதுகூடக் கிடையாது. தாகத்தில் செத்தாலும் சரி, நாங்கள் வெளியே உட்கார்ந்து காத்திருப்போம். ஆகவே குகைக்குள்ளே நடந்ததாக நான் சொல்வதெல்லாம் அண்ணி சொல்லிக் கேட்டது.

எங்கள் குடியிருப்பின் குகைக்குத் தலைவி என் அத்தை கினாயி. எந்த வீட்டுக்கு எத்தனை குடுக்கை என்று வறட்சிக் காலத்தில் தீர்மானிப்பவள் அவள். அவள் முகம் சுளித்தால் அன்றைக்கு உங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. குகைக்கு மேலே எங்கள் தாழைத் தோப்பு இருந்தது. வறட்சியில் மீனும் தாழம்பழமும்தான் சோறு. முன்னோர்களின் எலும்புகளும் அந்தத் தோப்பில்தான் இருந்தன.

அந்தத் தோப்பின் மண்ணைத்தான் தீவில் சுரங்கம் நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனி கேட்டது. பாஸ்பேட் மண். அதை அள்ளிக் கப்பலேற்றி, எங்கேயோ இருக்கும் கோதுமை வயல்களுக்கு உரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீவின் நடுப்பகுதியை ஏற்கெனவே தோண்டி முடித்துவிட்டார்கள். அங்கே மண் போய் ஊசி ஊசியாகப் பாறைகள் மட்டும் நின்றன. ஆடுகூட நடக்க முடியாத இடம்.

எங்கள் ஆட்கள் தோப்பைத் தர மாட்டோம் என்றார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் கம்பெனித் துரை ஊர்க்கூடத்துக்கு வந்து, தண்ணீர்க் குகை இருக்கிற இடத்துக்கு மேலே ஒரு கூடை மண்கூட எடுக்க மாட்டோம், இது வாக்கு என்றார். பிறகு, குகை எதுவரை போகிறது என்று கேட்டார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்குத் தெரியும்? கினாயி எழுந்து, தோப்பின் அந்தக் கோடியில் நின்ற பெரிய வாதுமை மரத்தைக் காட்டினாள். "அதுவரைக்கும் போகுது" என்றாள். பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அது பொய். குகை பாதித் தோப்போடு முடிந்துவிடும் என்பது அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் எந்த ஆணால் உள்ளே போய்ப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியும்? துரைக்கும் எங்கள் வழக்கம் தெரியும். அதை மீறி ஆள் அனுப்பினால் தீவே கொந்தளிக்கும் என்றும் தெரியும். பெண்களின் வாய்ச்சொல்லே எல்லையாகிவிட்டது. தோப்பு முழுதாகத் தப்பியது. என் வாழ்நாளில் நான் கேள்விப்பட்ட பொய்களிலேயே நல்ல பொய் அதுதான்.

அதற்குப் பிறகு வந்தவள்தான் ஹில்டா. கம்பெனி சர்வேயரின் மனைவி. எங்கள் வாயில் ஹில்டா என்று வராது, இரிட்டா என்போம். மற்றத் துரைசானிகள் எங்களைப் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார்கள். இவள் வெறுங்காலோடு வந்து எங்கள் பாயில் உட்கார்ந்தாள், எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாள், தென்னம்பாகைக் கேட்டு வாங்கி விரலால் வழித்துத் தின்றாள். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்திருந்தது. அண்ணிக்கும் முதல் குழந்தை அப்படித்தான் போயிருந்தது. அதைப் பற்றி ஊரில் யாரோடும் பேசாத அண்ணி அவளோடு பேசினாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுததை நானே பார்த்தேன். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணி மறுபடி உண்டானபோது, ஹில்டா நீல நிறக் கம்பளி நூலில் குழந்தைக்குச் சட்டை பின்னித் தருவதாகச் சொன்னாள். அப்போதுதான் அந்த ஆசையையும் கேட்டாள். "நீங்க தண்ணி எடுக்கிற இடத்தை ஒரு தடவை பாக்கணும், தெரேங்கா."

அண்ணி தன் இஷ்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை. நேராகக் கினாயியிடம் போய்க் கேட்டாள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாழை ஓலை கிழித்துக்கொண்டிருந்த கினாயி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பொம்பளைதானே?"

"ஆமா அத்தை."

"பின்ன என்ன. கூட்டிட்டுப் போ."

எங்கள் வழக்கம் ஆணைத்தான் தடுத்தது. இப்படி ஒரு பெண் வருவாள் என்று அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குகை வாயிலில் ஹில்டா அந்த நீல நூல் உருண்டையை எடுத்து முனையை ஒரு கல்லில் கட்டினாள். வழி தவறிவிடக் கூடாதே என்றாளாம். அண்ணிக்குச் சிரிப்பு. தன் அடுப்படியில் எவளாவது வழி தவறுவாளா? ஹில்டா நூலை விட்டுக்கொண்டே பின்னால் தவழ்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு முடிச்சுப் போட்டாள். கழுத்தில் தொங்கிய வட்டமான டப்பியைத் திறந்து பந்த வெளிச்சத்தில் பார்த்தாள். நேரம் பார்க்கிறாள் என்று அண்ணி நினைத்தாள். அது திசைகாட்டி. தண்ணீர் நிற்கும் இடம்வரை போய், அதற்கு அப்பால் சுவராக நின்ற பாறையைத் தொட்டுப் பார்த்து, "இதோட முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அண்ணி முடிந்தது என்றாள். தோழியிடம் என்ன பொய் வேண்டியிருக்கிறது? திரும்பும்போது ஹில்டா நூலைக் கவனமாகச் சுற்றிக்கொண்டாள்.

குழந்தை பிறந்தது, பையன். சொன்னபடி நீலச் சட்டை வந்தது. வேர்த்து வழியும் தீவில் கம்பளிச் சட்டை. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஆனாலும் அண்ணி அதைப் போட்டு ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். "இரிட்டா பின்னினது" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம். ஒரு காலையில் தோப்புக்குள் முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துண்டு நூல் கட்டியிருந்தது. நீல நூல்.

பெண்கள் வந்து பார்த்தார்கள். கினாயி முதல் குச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். குச்சிகள் நேர்க்கோட்டில் இல்லை, வளைந்து வளைந்து போயின. ஓர் இடத்தில் ஒருத்தி தன்னை அறியாமல் தலையைக் குனிந்தாள். குகைக்குள் அந்த இடத்தில்தான் பாறை தாழ்ந்து இருக்கும். இன்னோர் இடத்தில் இன்னொருத்தி பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். வெட்டவெளியில், நல்ல வெயிலில், அந்தப் பெண்கள் இருட்டுக்குள் நடப்பது போலவே நடந்தார்கள். நாங்கள் ஆண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிக் குச்சி பாதித் தோப்பில் நின்றது. அதற்கு அப்பால் வாதுமை மரம்வரை எல்லாம் கம்பெனிக்கு.

எல்லாரும் அண்ணியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். அவன் நீலச் சட்டை போட்டிருந்தான்.

ஊர்க்கூடத்தில் துரை மறுபடி பேசினார். கம்பெனி வாக்குத் தவறவில்லை, குகைக்கு மேலே கை வைக்கவில்லை, குகையின் அளவைக் காட்டியதே உங்கள் பெண்தான் என்றார். கூட்டம் முழுவதும் அண்ணியின் பக்கம் திரும்பியது. அண்ணி கினாயியைப் பார்த்தாள். நான்தான் அனுமதித்தேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். கினாயி பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓலையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அந்த விரலை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன்.

அண்ணி நேராக ஹில்டாவின் பங்களாவுக்குப் போனாள். நானும் அண்ணனும் பின்னால் ஓடினோம். ஹில்டா வராந்தாவில் உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். எழுந்து அண்ணியின் கையைப் பிடிக்க வந்தாள். அண்ணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, தெரேங்கா" என்றாள் ஹில்டா. "நீங்கதானே பொய் சொன்னீங்க."

"ஆமா, சொன்னோம். எங்க தண்ணிக்காகச் சொன்னோம். நீ உண்மையைச் சொன்னியே, அது யாருக்காக?"

ஹில்டாவின் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன பிரயோஜனம்? புருஷனுக்குப் பதவி உயர்வு கிடைத்து, அடுத்த கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள்.

அண்ணியை இனிக் குகைக்குள் விடுவதில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள். சொன்னவள் கினாயி. அண்ணி கம்பெனிக் குழாயடியில், கடல் தண்ணீரைக் காய்ச்சி இறக்கிய தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். பனாபாப் பெண்களில் அங்கே போய் நின்ற முதல் ஆள் அவள்தான். வழியில் போகும் பெண்கள் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனார்கள். அண்ணன் ஆறுதல் சொல்லப் போனால், "நீ ஆம்பளை, உனக்கு இது புரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கும் புரியத்தான் இல்லை.

ஒரு நாள் நடுப்பகலில், வெயிலுக்கு ஊர் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அண்ணி பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். முழங்கையும் முதுகும் தோலுரிந்து ரத்தமாக இருந்தன. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள் மட்டும் பளபளத்தன.

அவள் நீலச் சட்டையைப் பிரித்து நூலாக்கி எடுத்துக்கொண்டு குகைக்குள் போயிருந்தாள். கடைசிப் பாறைச் சுவருக்குக் கீழே, தண்ணீருக்கு அடியில் ஒரு பிளவு உண்டு. குழந்தைகள் கால் விட்டு விளையாடும் பிளவு. யாரும் அதற்குள் போனதில்லை. அண்ணி நூலை அங்கே கட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். அந்தப் பக்கம் தலையைத் தூக்கினால் கும்மிருட்டு. பந்தம் இல்லை. கையால் தடவித் தடவிப் போனாள். தண்ணீர், பாறை, மறுபடி தண்ணீர். இதுவரை நாங்கள் குடித்ததைவிடப் பெரிய தண்ணீர். நூல் தீர்ந்த இடத்தில் ஒரு கூர்ப்பாறையில் மிச்சத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

குகை முடியவில்லை. பெண்கள் சொன்ன பொய், பொய்யே இல்லை.

ஈரத்தோடு கினாயியிடம் ஓடினாள். கினாயி கேட்டுவிட்டு, "ஒரு பொய்ய வெளிய விட்டே. இப்ப இன்னொரு பொய்ய உள்ளே கொண்டாறே" என்றாள். அண்ணி கெஞ்சினாள். யாராவது ஒருத்தி என் கூட வாங்க, நூலைப் பிடிச்சிக்கிட்டு வந்தா போதும் என்றாள். எவளும் வரவில்லை. பிளவுக்குப் பயந்தவர்கள் பாதிப் பேர், கினாயிக்குப் பயந்தவர்கள் மீதிப் பேர். துரையிடம் போனாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். உங்கள் குகை நாங்கள் குச்சி அடிக்க அடிக்க வளரும்போலிருக்கிறதே என்றார்.

அண்ணன் மட்டும், "நெசமாவே பாத்தியா?" என்று கேட்டான்.

"இருட்டுல எங்கே பாக்க. தொட்டேன்."

அவன் குகை வாயிலுக்குச் செல்லும் பாதைவரை எழுந்து போனான். அங்கேயே நெடுநேரம் நின்றான். ஆண் அந்தப் பாதைக்கு அப்பால் போனதில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டான். அண்ணி சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அந்த நம்பிக்கையால் அவளுக்குக் கால் காசு பயன் இல்லை.

தாழை மரங்கள் சாய்ந்தன. எலும்புகளைப் பாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தோம். சீனத் தொழிலாளிகள் பாறை இடுக்குகளில் மண்ணை வெட்டிக் கூடையில் ஏற்ற, தள்ளுவண்டித் தண்டவாளம் வாதுமை மரத்தை நோக்கி நீண்டுகொண்டே போனது. ஒரு முற்பகலில் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த எங்கள் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தொழிலாளிகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

நாங்கள் மேலே ஏறிப் போனோம். கடைசிக் குச்சிக்கு வெகு அப்பால் தரை உள்வாங்கி ஒரு பெரிய பள்ளமாகியிருந்தது. மண்ணேற்றிய தள்ளுவண்டி ஒன்று உள்ளே கவிழ்ந்து கிடந்தது. நல்ல காலமாக ஆள் யாரும் விழவில்லை. அடியில் தண்ணீர். மேலிருந்து விழுந்த மண்ணால் பாதித் தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டது, மீதிப் பாதி இன்னும் தெளிவாக இருந்தது. சூரிய வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. நான் விளிம்பில் நின்று பார்த்தேன். அண்ணன் பார்த்தான், துரை பார்த்தார், கூலியாட்கள் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீரை, அது நிற்கிற இடத்தில் அன்றைக்குத்தான் என் கண் பார்த்தது. பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

தண்ணீருக்கு நடுவே ஒரு கூர்ப்பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் நீல நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அறுந்த முனை தண்ணீரில் மிதந்தது.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஆண்களை விலக்கித் தள்ளிவிட்டு, இடுப்பில் உடையாகச் சுற்றியிருந்த பாய்களை அவிழ்த்துப் பள்ளத்தை மூடப் பார்த்தார்கள். எத்தனை பாய் போட்டால் அந்தப் பள்ளம் மூடும்? பாய்கள் ஒவ்வொன்றாக நழுவித் தண்ணீரில் விழுந்தன. கினாயி அந்த நூலைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி வரவில்லை. கம்பெனிக் குழாயடி வரிசையில் நின்றிருந்தாள்.

பழைய குகையில் இன்னும் கொஞ்சம் குடிக்கிற தண்ணீர் இருந்தது, மண் கரைந்து அங்கேயும் வந்து சேரும்வரை. அன்று சாயங்காலம் கினாயி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்னால் மற்றப் பெண்கள் நின்றார்கள். கினாயி தன் குடுக்கைகளை, தலைவியின் குடுக்கைகளை, அண்ணியின் முன்னால் வைத்தாள். ஊர் கேட்கும்படி சொன்னாள்.

"அந்த வெள்ளைக்காரியக் கூட்டிட்டுப் போகச் சொன்னது நான்தான். சபையில சொல்லாம முழுங்கிட்டேன். நீ நெசத்தச் சொன்னப்பவும் பொய்யின்னேன். இனி நீதான் முன்னால போகணும். வாம்மா, தண்ணிக்குப் போலாம்."

அண்ணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனை மார்பிலிருந்து எடுக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"எதுக்கு அத்தை? ஆம்பளைங்கதான் எல்லாத்தையும் பாத்துட்டாங்களே. இனி அவங்களே எடுத்துட்டு வரட்டும்."

குடுக்கைகள் அப்படியே கிடந்தன. பெண்கள் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். இருட்டத் தொடங்கியதும் என் அண்ணன் எழுந்து, அந்தக் குடுக்கைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.